நாவலர் எடுத்த இஸ்ரவேலர் சான்று

கோயிலில் விளக்கேற்றுவதும் படையல் வைப்பதும் அறியாமை என்று பாதிரிமார் எழுதிவந்த காலத்தில், அவர்கள் கையிலிருந்த நூலையே விரித்து விடை கூறியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுக்குத் துணையாக இருந்து விவிலியத்தைத் தமிழாக்கியவராதலால் அந்நூலின் ஆழமும் அகலமும் அவருக்குத் தெரியும். பெர்சிவலின் மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ 1854இல் வந்தது. இதனை மறுப்பு நூல் என்று போற்றுவதோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். அதன் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வாதத்தின் சாரம் எளியது. பழைய இஸ்ரவேலரின் வழிபாட்டிலும் பலிபீடம் உண்டு, அணையா விளக்கு உண்டு, தூபம் உண்டு. ஓய்வுநாள்தோறும் பன்னிரண்டு அப்பங்களைச் சந்நிதியில் அடுக்குமாறு லேவியராகமம் 24ஆம் அதிகாரம் விதிக்கின்றது. பஸ்காவும் அறுப்புத் திருநாளும் கூடாரத் திருநாளும் எந்நாளில் வரவேண்டும் என்று 23ஆம் அதிகாரம் வரையறுக்கின்றது. இவை கடவுள் கட்டளை எனின், சைவர் இடும் நைவேத்தியம் மட்டும் எங்ஙனம் பேதைமையாகும்? புறச்சடங்கு என்பதற்காகவே ஒன்றைப் பழித்தல் தகாது என்பதை நாவலர் ஐயமற நிலைநாட்டினார்.

ஆயினும் வழக்கு அத்துடன் தீரவில்லை. அப்பலிகள் வரப்போகும் ஒன்றின் நிழலே; கிறிஸ்துவின் ஒரே பலியால் அவை நிறைவெய்தின என்று கிறித்தவர் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தைக் காட்டி மறுமொழி சொல்வர். மேலும், ‘உம்மிடமும் இது உண்டு’ என்னும் விடை எதிரியின் வாயை அடைக்கும். வழிபடுவோன் தன் படையலை எப்படி இடவேண்டும் என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லும் பகுதிகளும் அதே ஆகமங்களில் இருக்கின்றன. ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாதவன் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம். அதற்கும் வழியற்றவன் சிறிது மாவு கொடுத்தாற் போதும். நன்றிப் பலியின் இறைச்சியை மறுநாளுக்கு வைத்தலாகாது; ஆகவே பலரோடு பகிர்ந்துண்ண நேரும். திருநாள்களின் பட்டியலுக்கு நடுவிலேயே, வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்ற விதி வருகின்றது. விதவையும் திக்கற்ற பிள்ளையும் வேலையாளும் உடனிருந்து மகிழவேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் அன்றோ என்று உபாகமம் 16ஆம் அதிகாரம் நினைவூட்டுகின்றது. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலிகள் நின்றன. திருநாள்களோ யூதர் வீடுகளில் இன்றும் நிற்கின்றன.

இது நமக்கும் உரியதே. உம்பாய், மெர்லிமாவ் வட்டாரத்துத் தமிழர் பலர் பால்மரத் தோட்டங்களுக்குக் கூலிகளாய் வந்தவர்களின் வழியினர். மலாக்காச் செட்டிகள் போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் ‘பார்ச்சு’ படைத்துக் குடும்பமாய்க் கூடியுண்கின்றனர். திருவிழாக்களில் அன்னதானமும் குறைவின்றி நடைபெறுகின்றது. ஆனால் இன்று செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அந்தப் பந்தியில் அமர்கின்றார்களா? நம் பாட்டனார் அந்நியராய் வந்திறங்கியதை மறந்து, பந்தலின் உயரத்தையும் ஒலிபெருக்கியின் முழக்கத்தையும் பக்தியின் அளவாகக் கொள்வோமாயின், நாவலர் காத்துத் தந்த படையலின் பாதியைத் தொலைத்தவராவோம்.

நாவலர் வாழ்க்கையிலேயே இதற்கு விடை கிடைக்கின்றது. 1876ஐ அடுத்து யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நைவேத்தியத்திற்காக வாதாடிய அப்பெரியார் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு வார்த்தார். 1854இல் அவர் எழுதிய நூலோடு இந்தக் கஞ்சியையும் சேர்த்துப் படித்தாலன்றி அவ்வாதம் நிறைவு பெறாது.