விழுந்தால்தான் கதையா?

விளையாட்டைப் பற்றி எழுதுவது சுலபம் என்று எழுதிப் பார்க்காதவர்கள் நினைக்கிறார்கள். ஜயித்தவன் ஒருவன், தோற்றவன் ஒருவன், நடுவில் ஒரு கடியாரம். இவ்வளவு சௌகரியமாக அமைந்த கதை வேறு எங்கே கிடைக்கும் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சௌகரியத்தில்தான் கேடு இருக்கிறது. கதை தயாராகக் கிடைத்துவிட்டது என்று எழுத்தாளன் நம்பிவிடுகிறான். எதிரே ஓடுகிற மனிதனைப் பார்ப்பதை விட்டுவிடுகிறான். டிரையத்லான் என்ற நெடுந்தூரப் பந்தயத்தைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டிருக்கும் கதைகளில் இந்தக் கேடு நன்றாகத் தெரிகிறது.

பெயர் மிரட்டுகிறதே தவிர விஷயம் எளிது. முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் 180 கிலோமீட்டர். சைக்கிளை விட்டு இறங்கியதும் 42 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. இதையே தொழிலாகக் கொண்டவர்கள் எட்டு ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பரிசுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்திலேயே பந்தயக் கட்டணமும் கட்டி, பரிசு எதுவும் வராது என்று தெரிந்தே கடலில் இறங்குகிறார்களே, அந்த அமெச்சூர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர்பெற்ற ஹவாய்ப் பந்தயத்தில் அவர்களுக்கு 17 மணி நேரம் கெடு. வெகுகாலம் அது காலை ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிந்து வந்தது.

அமெச்சூர் என்ற சொல் நாடக சபாக்களின் மூலம் நமக்குப் பழக்கமானது. ‘தொழில் தெரியாதவன், ஆகையால் கொஞ்சம் மட்டமானவன்’ என்ற தொனி அதில் ஏறிவிட்டது. மூலத்தில் அதற்கு, பிரியத்தினால் ஒரு காரியத்தைச் செய்கிறவன் என்றுதான் பொருள். பிரியத்தினால் செய்கிறவனைப் பற்றிய கதை எப்படி இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. இதுவரை மூன்று விதமாக அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் விதம் ஜம்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் 1974-ல் கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோவில் நடந்த ஒரு சிறு டிரையத்லானில் கலந்துகொண்டவர்கள். பிறகு ஹவாய்க்கு வந்தார்கள். நீந்துகிறவனா, ஓடுகிறவனா, சைக்கிள் விடுகிறவனா, இவர்களில் யார் உடம்பு உறுதியானது என்று அங்கே நண்பர்களுக்குள் ஒரு விவாதம் கிளம்பியது. வாதம் செய்வதற்குப் பதில் செய்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாக முடிந்துவிட்டார்கள். 1978-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி. மறு வருஷமே லின் லெமேர் என்ற பெண்மணி கலந்துகொண்டு ஐந்தாவதாக வந்துவிட்டார்.

முதல் வருஷத்துப் போட்டியாளர்களுக்குக் கொடுத்த காகிதத்தில் மூன்று தூரங்களையும் குறித்துவிட்டு, முடித்தவர்கள் ஆயுள் முழுவதும் ஜம்பமடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. விமர்சகன் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முடித்தவனுக்கு வாக்களித்தது பணத்தையல்ல, ஒரு கதையை! செய்தவனே சொல்கிறவன், கேட்கிறவர்கள் அவனை அறிந்தவர்கள். இப்படிப்பட்ட ஜம்பத்தில் ஒரு நேர்மை உண்டு. அதிகம் புளுகினால் எதிரே இருப்பவன் சிரித்துவிடுவான். அதில் ஹாஸ்யத்துக்கும் இடம் உண்டு. அந்த முதல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குக் கூட வந்த சகாக்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்துவிட்டார்கள். அவர் தள்ளாடிக்கொண்டே ஓடினார். வீரத்துக்குப் பக்கத்திலேயே இந்த அசட்டுத்தனமும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஜம்பத்துக்குத் தெரியும்.

இரண்டாவது விதம் தொலைக்காட்சி. 1982 பிப்ரவரியில் நடந்த பந்தயத்தை ஏபிசி நிறுவனத்தின் ‘வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்’ நிகழ்ச்சி காட்டியது. ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி தம் பட்டப் படிப்பு ஆராய்ச்சிக்காக அதில் சேர்ந்திருந்தார். பெண்களில் அவர்தான் முன்னால் வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில கஜ தூரத்தில் கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். அந்தச் சமயத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் ஜயித்துவிட்டார். தாம் முந்திவிட்டோம் என்பது ஜயித்தவருக்கே அப்போது தெரியாது. ஜூலி மாஸ் தவழ்ந்து சென்று கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி.

பார்த்தவர்கள் உருகிப் போனார்கள். அதுவரை பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிய பந்தயத்துக்குப் பலர் பேர் கொடுக்க முன்வந்தார்கள். இந்த விளையாட்டு உலகமெங்கும் பரவியதற்கு அந்தக் காட்சியே பெரிய காரணம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஜூலி மாஸைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, கால் எழவில்லை. அப்போது தவழ்வதென்று ஒருவர் தீர்மானித்தால் அது அவருடைய சொந்த விவகாரம். அதை வைத்துக் கதை பண்ணினவர்களிடம்தான் என் வழக்கு.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். ஏழு பக்கம் சுமாராக ஓட்டிவிட்டு எட்டாம் பக்கத்தின் அடியில் கதாநாயகியைப் படிக்கட்டில் உருட்டிவிட்டு ‘தொடரும்’ போடுவார்கள். வாசகர் அடுத்த வாரம் பத்திரிகை வாங்குவார். காமிரா அன்றைக்குச் செய்தது அதைத்தான். பதினொரு மணி நேர உழைப்பு பின்னால் போயிற்று. கடைசி நிமிஷங்கள் முன்னால் நின்றன. ஜயித்த பெண் உபபாத்திரம் ஆனார். அந்த வெற்றிக்குப் பிறகு இந்தப் பந்தயத்தைச் சொல்ல வந்தவர்கள் எல்லாம் விழுகிறவர்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முடித்து, ஒரு தம்ளர் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்குக் கதை இல்லை என்று ஆகிவிட்டது.

இது ரஸனையைப் பற்றிய தகராறு மட்டும் அல்ல. விழுவதை வீரம் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினால், உடம்பு ‘போதும்’ என்று எச்சரிக்கும்போது அதைக் கேட்பவன் கோழை என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எச்சரிக்கையில் விஷயம் இருக்கிறது. நம் தசைகளிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை சுமார் இரண்டாயிரம் கலோரிக்குத்தான் காணும். இந்தப் பந்தயம் கேட்பதோ அதைப் போலப் பல மடங்கு. கொழுப்பு ஏராளமாக இருக்கிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அது பாங்கியில் போட்ட நீண்டகால டெபாசிட் மாதிரி, அவசரத்துக்குச் சட்டென்று கையில் வராது. வேகத்தைக் கூட்டினால் சர்க்கரைதான் செலவாகும். ஆகவே சைக்கிள் மேலேயே தின்றுகொண்டு போக வேண்டும். வெயிலும் வேகமும் கூடினால் வயிறு வாங்கிக்கொள்ள மறுக்கிறது. தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து. அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே மோசம் வரலாம்.

இதை எல்லாம் படிக்கும்போது நம் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு பழகிய முகம் தென்படவில்லையா? மாதச் சம்பளத்தை முதல் தேதி வாங்கி முப்பதாம் தேதி வரை இழுத்துப் பிடிக்கிற காரியமே இது. முதல் வாரம் தாராளமாகச் செலவழித்தவன் இருபத்தைந்தாம் தேதி என்ன பாடு படுவானோ, நீச்சலிலும் சைக்கிளிலும் வீறாப்பாகப் போனவன் ஓட்டத்தின் முப்பதாவது கிலோமீட்டரில் அந்தப் பாடு படுகிறான். அமெச்சூரின் கலை சிக்கனக் கலை. முன்னால் போகிறவனை முந்தாமல் விடுவது, பசிக்கு முன்பே தின்பது, தண்ணீர்ப் பந்தல்களில் நடந்துவிட்டுப் பந்தல் தாண்டியதும் மறுபடி ஓடுவது, இவையே அதன் நுட்பங்கள். அடக்கமான இந்த வித்தையைக் காமிராவால் பிடிக்க முடியாது. எழுத்தால் பிடிக்க முடியும்.

பிடிக்க முயன்ற ஒருவரைச் சொல்ல வேண்டும். அது மூன்றாவது விதம். ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றித் தம் நினைவுகளை ஒரு புத்தகமாக 2007-ல் வெளியிட்டார். காமிரா ஜூலி மாஸைக் காட்டிய அதே 1982-ல்தான் அவர் ஓடத் தொடங்கினார். 1996-ல் 100 கிலோமீட்டர் ஓடி முடித்ததையும், முடித்த பிறகு ஓட்டத்தின் மேல் இருந்த ருசியே விட்டுப்போனதையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பிறகு டிரையத்லானுக்கு வருகிறார். அவர் கலந்துகொண்டவை சிறிய தூரங்கள்தான்: ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலின் தொடக்கத்தில் மூச்சு முட்டித் தவித்ததும், அதன் பிறகு நீந்துவதை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டதும் புத்தகத்தில் வருகின்றன. மகத்தான வெற்றி ஒன்றும் கிடையாது. வயது ஏற ஏற நேரம் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. அதைச் சமாதானத்தோடு பார்க்கிற குரல் அவருடையது. சலிப்பான நடுப்பகுதியை எழுதத் துணிந்தவர் என்பதற்காகவே அவருக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

ஆனாலும் புத்தகத்தை மூடிய பிறகு ஒரு குறை மிஞ்சுகிறது. அதில் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு மனிதர். அவருக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் இல்லை. எழுதும் நேரமும் ஓடும் நேரமும் அவர் வகுத்துக்கொண்டவை. மனைவி வந்து போகிறார். ஆனால் அவர் கண்களால் அந்தக் கணவரை நாம் ஒரு தடவையும் பார்ப்பதில்லை. ஓட்டத்தைத் தனிமை என்று முரகாமி அழகாகச் சொல்கிறார். அந்தத் தனிமைக்கு யார் வாடகை கொடுத்தார்கள் என்று நாவல் வாசகன் கேட்காமல் இருக்க மாட்டான்.

முழு தூரப் பந்தயத்துக்குத் தயாராகிற அமெச்சூர் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம், மாதக் கணக்கில், பழக வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிளோடு புறப்பட்டால் திரும்பும்போது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். திரும்பி வந்தவனும் சோபாவில் சாய்ந்துவிடுவான். அந்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது? ஆபீஸ் கொடுக்கவில்லை; வீடு கொடுத்தது. அப்பா மலையேறிக்கொண்டிருந்த காலையில் குழந்தையின் ஜுரத்தைப் பார்த்துக்கொண்டது யார்? ஓடுகிறவள் மனைவியானால் கணவனைப் பற்றி இதையே கேட்கலாம். பந்தய வீரர்களின் பல நினைவுக் குறிப்புகளில் இந்த மனிதர்களைக் கடைசி அத்தியாயத்தில்தான் அழைத்து வருகிறார்கள், கோட்டருகில் நின்று கண் கலங்குவதற்காக. நாடகத்தில் சேவகன் ஈட்டியோடு வந்து நின்றுவிட்டுப் போகிற மாதிரி! பிரியத்தினால் செய்கிறவனுக்கு வேறு பிரியங்களும் உண்டல்லவா? ஒரு பிரியத்துக்காக இன்னொன்றிடம் கடன் வாங்குகிற இந்த இடத்தில்தான் உண்மையான கதை இருக்கிறது.

அப்படி ஒரு கதைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. ஹிரோமு இனாடா 1932-ல் பிறந்தவர்; ஜப்பானில் செய்தியாளராக இருந்தவர். நோயாளியான மனைவியைக் கவனித்துக்கொள்வதற்காக அறுபது வயதில் வேலையை விட்டார். அந்த நாட்களில் உடம்பைப் பார்த்துக்கொள்ள நீந்தப் பழகினார். எழுபது வயதில் முதல் டிரையத்லான். மனைவி காலமான பிறகு முழு மூச்சாக இதில் இறங்கினார். 2015-ல் ஹவாய்ப் பந்தயத்தின் கோடு கண்ணுக்கு எதிரே இருக்கும்போது கீழே விழுந்தார். எழுந்து கோட்டை அடைந்தபோது 17 மணி நேரக் கெடு சில விநாடிகளுக்கு முன் தாண்டியிருந்தது. முடித்தவர் பட்டியலில் பெயர் இல்லை. 2018-ல், 85 வயதில், 16 மணி 53 நிமிஷம் 49 விநாடியில் முடித்தார். மூன்று வருஷங்களுக்கு முன் சில விநாடி கடன்பட்டவர், இந்தத் தடவை ஆறு நிமிஷம் மிச்சம் பிடித்திருந்தார்.

இவர் கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம். 2015-ல் விழுந்த அந்தக் கணத்தைப் பெரிதாக்கி மெதுவாக ஓட்டிக் காட்டினால் கூட்டம் கண்ணீர் விடும். எனக்குப் பிடித்தது மற்றொன்று. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாட்கள், அதற்கிடையே குளத்துக்குப் போய் வந்த வேளைகள், பிறகு காலியான வீடு, அந்த வீட்டிலிருந்து தினமும் அதிகாலையில் கிளம்பிய கிழவர், விழுந்த அக்டோபருக்கும் எழுந்த அக்டோபருக்கும் நடுவே கிடந்த மூன்று வருஷங்கள், கடைசியில் அந்த ஆறு நிமிஷ மிச்சம். இதில் படிக்கட்டில் உருளும் காட்சி கிடையாது. எழுதுவதற்குப் பொறுமை வேண்டும், வாசிப்பதற்கும் வேண்டும்.

ஹவாயில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பட்டப்பகலிலேயே ஜயித்துவிட்டுப் போனவர்கள் இரவில் திரும்பி வந்து, கெடு முடியும் வரை கோட்டருகே நின்று, கடைசியில் வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்பார்கள். முதலில் வந்தவர்களுக்கே கடைசியில் வருகிறவர்களைக் காத்திருந்து பார்க்கத் தோன்றுகிறது. எழுதுகிறவர்களும் அதுவரை விழித்திருக்க வேண்டும்.