மேய்ப்பவன் இல்லாத சொல்

போட்டித் தேர்வுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் உருப்போடுகிற ஆங்கிலச் சொற்பட்டியல்களில் 'பியூகாலிக்' என்று ஒரு சொல் உண்டு. இனிமையான நாட்டுப்புறம் சார்ந்தது, கிராம வாழ்வின் அமைதி கொண்டது என்று பொருள் போட்டிருப்பார்கள். 'பாஸ்டரல்', 'ரஸ்டிக்', 'இடிலிக்' எல்லாம் அதற்கு அக்கம்பக்கத்துச் சொற்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பொறியியல் கல்லூரிகளிலும், ஆலை வேலைக்கு வந்த பெண்கள் தங்கியிருக்கிற விடுதிகளிலும் நம்ம பிள்ளைகள் இந்தப் பட்டியல்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டும். ஆங்கிலம் நமக்கு வேண்டும். பாபாசாகேப் அந்த மொழியை ஆயுதமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் ஒரு சொல்லைக் கற்கிறபோது அதோடு சேர்த்து யாருடைய கண்ணையும் வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டாக வேண்டும்.

கிரேக்க மொழியில் 'பூகோலோஸ்' என்றால் மாடு மேய்ப்பவன். 'பியூகாலிக்' அவனிடமிருந்து வந்தது. 'பாஸ்டரல்' லத்தீனில் ஆடு மேய்ப்பவனிடமிருந்து வந்தது. நம்ம சர்ச்சில் நிற்கிற பாஸ்டரும் அதே ஆள்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தியோக்ரிட்டஸ் மேய்ப்பர்களைக் கவிதைக்குள் பாட வைத்தான். அதற்குப் பிறகு சொல் தேய்ந்து தேய்ந்து மாடும் போச்சு, மேய்த்தவனும் போனான். பச்சைப் புல்லும் இனிமையும் மட்டும் மிஞ்சின. வேலை செய்தவனை வெளியே தள்ளிவிட்டு அவன் வேலை செய்த இடத்தை ரசிக்கிற சொல் இது.

நம்ம பள்ளிக்கூடங்களில் இதே ஆள் வேறு மாதிரி வருகிறான். கணக்கு வராத பையனைப் பார்த்து வாத்தியார் சொல்வது என்ன? "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு." தமிழில் வசவு, ஆங்கிலத்தில் அதே வேர் உயர்ந்த சொல். ஒரகடம் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். இந்தச் சொல்லின் வேரைச் சொன்னதும் உதிரிபாக ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒரு பெண் கேட்டாள்: "எங்க தாத்தா ரெட்டியார் வீட்டு மாட்ட மேய்ச்சாரு. அது எப்படிண்ணா இனிமையாவும்?" எந்த அகராதியும் பதில் வைத்திருக்காத கேள்வி. படியாளின் பிள்ளை நடக்கத் தெரிந்ததும் ஆண்டை வீட்டு மாட்டுக்குப் பின்னால் போனான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசு மந்தைவெளியில் கழிந்தது.

ஆங்கிலத்தில் இன்னும் ரெண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'வில்லன்' என்பவன் ஆதியில் பண்ணை நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட உழைப்பாளி. 'பரையா' நம்மிடமிருந்தே போன சொல். விலக்கப்பட்டவன் என்று இன்றும் உலகம் பூராவும் எழுதுகிறார்கள். ஆக, உழைத்தவனின் பெயர் வசவாக நிற்கிறது. உழைத்த இடத்தின் பெயர் அழகாக நிற்கிறது. ரெண்டையும் சேர்த்து வாசிக்காதவரை ரெண்டுமே புரியாது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கவிதைகள் உழைப்பையும் உடைமையையும் மறைத்துவிட்டுத்தான் அழகைப் பாடின என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டினார். நமக்கு அதைச் சொல்ல அதற்கும் முன்பே ஆள் இருந்தார். இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று வெள்ளை அதிகாரி மெட்காஃப் எழுதி வைத்ததைப் படித்த நம்மூர் அறிவாளிகள் பூரித்துக் கிடந்தபோது, 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து அந்தக் கிராமத்தை அறியாமையின் குகை என்று உடைத்துப் பேசினார் அம்பேத்கர்.

தமிழ் மட்டும் சுத்தமா என்ன? தொல்காப்பிய அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைக்கு உரியவர்களாக வைக்கிறது என்றே உரையாசிரியர்கள் பொருள் சொன்னார்கள். நிலமெல்லாம் உண்டு, அதில் பாடுபட்டவனுக்கு ஒழுங்கான காதல்கூடக் கிடையாது. இன்றைக்கு நாம் வாய் நிறையச் சொல்கிற 'மண்வாசனை' அந்த இலக்கணத்தின் புது வடிவம். ஊரின் மணம் அதில் இருக்கும், சேரி இருக்காது. இருந்தாலும் தப்படிக்க மட்டும் வந்துவிட்டுப் போகும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது நடந்தது என்ன என்பதை இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த நூலும் ஊரின் அழகிலிருந்துதான் தொடங்குகிறது. மலையைச் சொல்கிறது, வயலைச் சொல்கிறது. அங்கேயே நிற்காமல் எந்தச் சாதிக்கு எந்தத் தெரு, யார் எங்கே நடக்கலாம் என்பதையும் சொல்கிறது. அழகை மறுக்கவில்லை, அழகுக்குள் ஆளைக் கொண்டு வந்து நிறுத்துகிறது. மண்வாசனை எழுத்துக்கும் தலித் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பேன்.

சொல்லில் ஆள் இல்லை என்றால் கணக்கிலும் ஆள் இருக்க மாட்டான். இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் மிராசு உரிமை என்ற பேரில் தரிசு நிலத்தைக்கூடப் பறையர்களுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள். குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் இதை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களும் கைமாறிப்போய், மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற ரெண்டு தோழர்களைப் பலி கொடுத்தோம். நம்முடைய நாட்டுப்புறம் இது.

ஐரோப்பிய மேய்ப்பர் கவிதைக்கும் இந்தக் கதை தெரியும். வர்ஜிலின் முதல் மேய்ப்பர் பாட்டில் ஒருவன் மரநிழலில் குழல் ஊதுகிறான். இன்னொருவன் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அவன் நிலம் படைவீரனுக்குப் போய்விட்டது. அகராதி குழல் ஊதினவனை வைத்துக்கொண்டது. வெளியேறினவனை விட்டுவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்த ரெண்டாவது ஆளின் ஊர்கள். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. 2006இல் திறந்த நோக்கியா 2014இல் மூடிக்கொண்டு போனது. நிலம் எடுத்தபோது சட்டம் பார்த்தது பட்டாவை. 1894ஆம் வருஷத்துச் சட்டமும், தொழிலுக்கென்றே தமிழக அரசு கொண்டுவந்த 1997ஆம் வருஷத்துச் சட்டமும் நிலத்தில் உரிமை உள்ளவனுக்கே இழப்பீடு பேசின. அதில் நாற்று நட்டவளும் பாதிக்கப்பட்டவள்தான் என்று ஒப்புக்கொள்ள மத்தியச் சட்டத்துக்கு 2013 வரை ஆனது. வருவாய்க் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை இருக்கிறது. மேய்ச்சல் உண்டு, மேய்த்தவன் பேர் எந்தப் பத்தியிலும் இல்லை. பியூகாலிக்கின் சரியான தமிழாக்கம் அதுதான்!

இதற்காக, கிராமம் அழிந்தது நல்லதுதான் என்று ஆலைக்குக் கைதட்டவும் முடியாது, போன கிராமத்துக்காக ஒப்பாரி வைக்கவும் முடியாது. ரெண்டும் நமக்கு வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்த வசனங்கள். ஆண்டை வீட்டு வாசலிலிருந்து ஆலை வாசலுக்கு வந்த பெண் கையில் காசைப் பார்த்தாள். அது சின்ன விஷயமல்ல. ஆனால் இங்கேயும் ஒப்பந்தக்காரனின் பதிவேட்டில் அவள் ஒரு எண். வண்டிக்குப் பேர் உண்டு, பூட்டினவளுக்குக் கிடையாது.

தம்பி தங்கைகளே, அந்தச் சொல்லைப் படியுங்கள், தேர்வில் சரியான கட்டத்தில் குறியும் போடுங்கள். நோட்டில் எழுதும்போது மட்டும் பக்கத்தில் இன்னொரு பொருளும் சேர்த்து எழுதுங்கள்: பியூகாலிக், பெயரடை, மாடு மேய்த்தவனைக் கணக்கில் விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தை மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு இனிமையாகத் தெரிவது.