எண்ணும் மேற்கோளும்

ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை எதனால் அளப்பது என்னும் வினா புதியதன்று. அதற்கு எண்ணால் விடை கூறலாம் என்னும் துணிவே புதியது. அண்மையில் ஏரியூரில் முதுகலை மாணவர் சிலரோடு ஆராய்ச்சி நெறி பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். அவருள் ஒருவர், டாக்டர் உ. வே. சாமிநாதையரின் எச்-எண் யாது என வினவினார். உடனிருந்தோர் நகைத்தனர், யாமும் முதற்கண் நகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அது நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று என்பது புலனாயிற்று. நாளை அம்மாணவர் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்குங்கால் அவரை அளக்கவிருப்பது அத்தகைய கோலே. தம்மை அளக்கும் கோலால் தம் முன்னோரையும் அளந்து பார்க்க அவர் விழைந்தது இயல்பே ஆகும். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அக்கோலின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். எந்த நூல் எந்தக் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது என்பதை அடைவுபடுத்தும் முறையை 1955-இல் முன்மொழிந்தவர் அமெரிக்கராகிய யூஜின் கார்ஃபீல்டு. அவர்தம் அறிவியல் மேற்கோளடைவு 1964-இல் வெளிவந்தது. அவர்க்கு முன்மாதிரியாக இருந்தது, வழக்கறிஞர்க்கெனத் தோன்றிய ஷெப்பர்டு அடைவு. 1873-இல் தொடங்கிய அவ்வடைவு, ஒரு தீர்ப்பு பிற்காலத் தீர்ப்புகளில் எடுத்தாளப்பட்ட இடங்களைக் காட்டியதோடு நில்லாது, பின்னையோர் அதனைத் தழுவினரா மறுத்தனரா என்பதையும் குறித்தது. இச்செய்தியை நினைவிற்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

நம் நாட்டவர்க்கும் இத்துறையில் பங்கு உண்டு. சீகாழியிற் பிறந்து, கணக்குப் பேராசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணக்கியல் முறையால் ஆராயும் ஒரு துறை வேண்டும் என 1948-இலேயே இங்கிலாந்தில் நிகழ்ந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். ஆயின் அவர் அளக்க விரும்பியது நூலகப் பணியையேயன்றிப் புலவரையன்று.

தனி ஒருவரை ஓர் எண்ணில் அடக்கும் முறையை 2005-இல் வகுத்தவர் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர். ஒருவரின் எச்-எண் பத்து எனின், அவர்தம் எழுத்துகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் பிறரால் எடுத்தாளப்பட்டன என்பது பொருள். இதனின்றும் ஓர் உண்மை போதரும். இவ்வெண் ஒருவர் எழுதிய எழுத்துகளின் தொகையை ஒருபோதும் மிஞ்சாது. வாழ்நாள் முழுதும் ஒரே நூலை ஆக்கியவர்க்கு, அந்நூல் ஆயிரம் இடங்களில் ஆளப்பட்டாலும், எச்-எண் ஒன்றே.

இவ்வளவைகள் தோன்றியதற்கு நேரிய காரணம் இல்லாமல் இல்லை. வேண்டியவர் என்பதற்காக ஏற்றமும், வேண்டாதவர் என்பதற்காகத் தாழ்வும் கற்பிக்கும் வழக்கம் கல்வியுலகில் என்றும் உண்டு. சிற்றூர்க் கல்லூரியில் இருப்பவர், தலைநகரத்துப் பெரியோர் எவர்க்கும் அறிமுகமில்லாதவர், தம் எழுத்தால் மட்டுமே அறியப்பட வேண்டுமாயின், எழுத்தின் பயனைக் காட்டும் பொதுவான சான்று ஒன்று வேண்டும். அந்த அளவில் எண் நடுநிலையானது. அதனை முற்றும் இகழ்வோர் முகமறிந்து மதிப்பிடும் பழைய முறைக்கே வழிதிறப்பர் என்பது எம் கருத்து.

இனி, இக்கோல் தமிழாராய்ச்சிக்கு எவ்வளவில் பொருந்தும் எனக் காண்போம். ஏரியூர் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்தின் தலைநகரே பண்டைத் தகடூர். அதியமானுக்கும் சேரனுக்கும் ஆண்டு நிகழ்ந்த போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டில் தொகுக்கப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்களாலும், தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்களாலுமே அந்நூல் நமக்கு எஞ்சியது. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றித் தொகுத்தெழுத முடிந்ததும் இத்தகைய மேற்கோள்களின் துணையாலேயே ஆகும். மேற்கோளின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயின் இவ்வாற்றல் எண்ணிக்கையால் வந்ததா? தக்க ஒருவர் தக்க இடத்தில் ஒருமுறை எடுத்துக்காட்டியதால் வந்தது. நூறு கட்டுரைகளில் அடுக்கப்பட்ட பெயரினும், ஓர் உரையாசிரியர் பொருளுணர்ந்து காட்டிய ஒரு பாட்டு ஒரு நூலை வாழ்விக்கும். மேற்கோளை எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் காணார்.

இரண்டாவது, பதிப்பாசிரியர் நிலை. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் மணிமேகலையை 1898-இலும் பதிப்பித்தார். அவர் உழைப்பின்றிச் சங்க இலக்கிய ஆராய்ச்சி இன்றுள்ள நிலையை எய்தியிராது. எனினும் நாம் ஒரு புறப்பாட்டை எடுத்தாளும்போது நூற்பெயரையும் பாட்டெண்ணையும் குறிப்பதோடு அமைகின்றோம். எவர் பதிப்பு என்பதைக் குறிப்போர் சிலரே. பாட்டெண் நிலைபெற்றதும் பாடம் உறுதிபெற்றதும் பதிப்பாசிரியரால். மேற்கோளிலோ அவர் பெயர் இல்லை. கல்வெட்டாராய்ச்சியிலும் இதுவே நிலை. செங்கம் நடுகற்கள் 1972-இலும், தருமபுரிக் கல்வெட்டுகள் 1975-இலும் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையால் நூலாயின. அக்கற்களைத் தேடிப் படியெடுத்தவர் உழைப்பு, பிற்காலக் கட்டுரைகளில் ஒரு தொடரெண்ணாய்ச் சுருங்கிவிடுகின்றது. ஆகவே, எந்த உழைப்பு மிகுதியாகப் பயன்படுகின்றதோ அதுவே மிகுதியாக மறைகின்றது.

மூன்றாவது, தழுவலும் மறுப்பும் ஒன்றாக எண்ணப்படுதல். வையாபுரிப்பிள்ளையின் காலவாராய்ச்சி முடிவுகளை எடுத்தாண்டோருள் மறுத்தற்கென்றே ஆண்டவர் மிகப் பலர். பேராசிரியர் தமக்கு முற்பட்ட உரைகளைக் குறித்தலும் பலவிடங்களில் மறுத்தற்பொருட்டே. மறுக்கத்தக்க அளவிற்கு வலிய கருத்து என்பதும் ஒரு பெருமைதான். ஆயினும் அது தழுவற்பெருமையின் வேறாம். ஷெப்பர்டு அடைவு காத்த வேறுபாட்டை, அதன் வழித்தோன்றல்கள் வெறும் தொகையாக்கும்போது இழந்துவிட்டன.

நான்காவது, அடைவுகளின் எல்லை. பெரிய மேற்கோளடைவுகள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே கொள்வன. தமிழாராய்ச்சியோ நூல்களிலும், மலர்களிலும், கருத்தரங்கத் தொகுதிகளிலும், பல்கலைக்கழக வெளியீடுகளிலும் பரந்து கிடக்கின்றது. தலைப்பெழுத்தோடு வழங்கும் நம் பெயர்களை உரோமன் எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறாகவும் எழுதுவதால், ஒருவரே இருவராகவும் இருவர் ஒருவராகவும் அடைவில் தோன்றுதல் உண்டு. 2015-இல் வெளிவந்த லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, அவ்வந்நாட்டிற்குரிய ஆராய்ச்சியின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பதாகும். அறிவியலாரே இக்குறையை உணர்ந்தனர் என்பதற்கு இது சான்று.

மதிப்பெண் பட்டியல்களையும் ஈண்டு நோக்குதல் தகும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, மொழித்துறையார் தக்க இதழில் எழுதும் ஒரு கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். இந்திய வெளியீட்டகம் வெளியிடும் ஒரு முழுநூலுக்கும் பத்து. அத்தகைய நூலின் பதிப்பாசிரியர்க்கு எட்டு. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடந்தேரும் பதிப்புப் பணிக்கெனத் தனி வரிசை அப்பட்டியலில் இல்லை. பல்லாண்டு உழைப்பும் சில வாரத்து உழைப்பும் ஒரே நிறையாகும் துலாக்கோல் இது. தக்க இதழ்கள் இவையென வரையறுக்க 2019 முதல் நடைமுறையிலிருந்த பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஆறாண்டில் மாறிய வரையறையை நம்பித் தம் ஆராய்ச்சிப் பொருளையே மாற்றிக்கொண்டோர் உளர். சுவடியை விடுத்துச் சிறு கட்டுரைகளை நாடிய அவர்க்கு இழந்த காலத்தை மீட்டுத் தருவார் யார்? ஒன்றை நான்காகக் கூறுபடுத்தி எழுதுவதும், ஒருவரையொருவர் முறைவைத்து எடுத்தாள்வதும் இவ்வளவைகளின் விளைவுகளே. கூறியது கூறலை நூற்குற்றமாக வகுத்த மரபினர், அதற்கு மதிப்பெண் பெறும் நிலை வந்துற்றது.

இவ்வாறு கோலின் குறைகளைக் கூறும் நாம், நம் குறையையும் மறைத்தல் ஆகாது. "என்பர் அறிஞர்," "என்பாரும் உளர்," "ஒருசாரார் கருத்து" என எழுதிச் செல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதி. உரையாசிரியர் காலத்தில் இது மரபாக இருந்தது. கற்போர் இன்னாரென உணர்ந்துகொண்டனர். இன்று அதே தொடர் பல இடங்களில் கடன் மறைக்கும் திரையாகிவிட்டது. உடன் பணியாற்றுவோர் கண்ட உண்மையைப் பெயர் கூறாது எடுத்தாள்வதும், காலஞ்சென்ற பெரியோர் பெயரை மட்டும் அடுக்குவதும், மாணவர் ஆய்வேட்டினின்றும் கொண்டதை ஒளிப்பதும் எண்களால் விளைந்தன அல்ல. அவை எண்களுக்கு முற்பட்டவை. நாம் ஒருவரையொருவர் முறையாகக் குறித்திருந்தால், நம் துறையின் வளர்ச்சியைக் காட்டும் சான்று நம்மிடமே இருந்திருக்கும். பிறர் அடைவுகளை நோக்கி நிற்கும் நிலை நேர்ந்திராது.

இக்குறை தீர்க்க வல்ல பணிகள் சில உள. சங்கப் பாடலை எடுத்தாள்வோர் பாட்டெண்ணோடு பதிப்பையும் பதிப்பாசிரியரையும் குறித்தல் வேண்டும். நம் ஆராய்ச்சி இதழ்கள் இதனை விதியாக்கலாம். தனிநாயக அடிகள் 1966-இல் மலாயாப் பல்கலைக்கழக வாயிலாகத் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் அளித்தார். அதனை அடியொற்றி, தமிழ் இதழ்களின் மேற்கோளடைவு ஒன்றைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கூடி ஆக்குதல் வேண்டும். அதில் தழுவல், மறுப்பு, வெறுங்குறிப்பு என்னும் மூவகை வேறுபாடும் அமையவேண்டும். பணித் தேர்விலும் பதவி உயர்விலும், விண்ணப்பிப்போர் தம் சிறந்த எழுத்து இரண்டினைத் தாமே தெரிந்து தர, தேர்வோர் அவற்றைப் படித்து எழுத்தில் கருத்துரைத்தல் வேண்டும். எண் படிப்பிற்குத் துணையாகலாம். படிப்பிற்கு மாற்றாதல் கூடாது.

மாணவர் வினாவிற்கு மீள்வோம். சாமிநாதையரின் எச்-எண்ணை எவரேனும் கணக்கிடலாம். ஏதோ ஓர் எண் வரும். அவ்வெண் அவரைப் பற்றிக் கூறுவதினும் நம்மைப் பற்றிக் கூறுவதே மிகுதி. அவர் நூல்களை நாள்தோறும் எடுத்தாண்டும் அவர் பெயரை எழுதாது விட்ட நம் பழக்கத்தின் அளவே அது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டா என அவரை வினவினார். ஏழாண்டு கழித்து அந்நூல் அச்சேறியது. அவ்வினா எந்த அடைவிலும் இல்லை. ஆயினும் தமிழாராய்ச்சியின் போக்கை மாற்றியது. ஏரியூர் மாணவர் வினவியதும், நம் எழுத்துப் பழக்கத்தைத் திருத்துமாயின், பயனுடைய வினாவே ஆகும்.