தொகுத்தவர் யார்?

காதல் பாட்டுக்களைத் தொகுக்கும் கலையை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. அகநானூறு என்பது என்ன? நானூறு காதல் பாட்டுக்கள் அடங்கிய தொகுப்புத்தானே? தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று பெயரோடு சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் ஏதோ கைக்கு வந்தபடி அடுக்கிவிடவில்லை. ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டுக்களெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிகிறவை குறிஞ்சி. நான்கில் முடிகிறவை முல்லை. ஆறு என்றால் மருதம். பத்து என்றால் நெய்தல். கணக்குப் போட்டால் சரிபாதி, அதாவது 200 பாட்டுக்கள், பாலை. ஒரு பாட்டில் இருவர் சேர்ந்திருந்தால், அடுத்த பாட்டில் யாராவது ஒருவர் சுரம் கடந்து போய்க்கொண்டிருப்பார்.

நவீனக் காதல் ரெகே என்ற பெயரில் வரும் பாட்டுத் தொகுப்புக்களைக் கேட்டபோதெல்லாம் இந்த உருத்திரசன்மர்தாம் எனக்கு நினைவுக்கு வந்தார்.

ரெகே என்றதும் பெரம்பலூர், அரியலூர் நேயர்கள் மிரள வேண்டாம். 1992-ல் வந்த 'ரோஜா'வில் மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை'யைக் கேட்டுத் தலையாட்டாதவர் நம்மில் யார்? அந்தப் பாட்டின் தாளத்தில் ரெகேயின் சாயல் உண்டு. ஜமெய்க்காத் தீவில் 1960-களின் இறுதியில் பிறந்த இந்தச் சங்கீதத்தின் சூட்சுமம் எளிதுதான். நாலு எண்ணிக்கையில், நாம் தொடையில் முதல் தட்டுப் போடுகிற இடத்தில் மேளம் வாய்மூடி இருக்கும். மூன்றாவது எண்ணிக்கையில்தான் அடி விழும். கிதாரோ இரண்டிலும் நான்கிலும் 'சக், சக்' என்று வெட்டும். சமம் காலியாகக் கிடப்பதால் பாட்டுக்கே ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிற்கும் காதலுக்கு இதைவிடப் பொருத்தமான நடை ஏது?

இந்த நடையைக் காதலுக்கென்றே பழக்கியவர்கள், லண்டனில் குடியேறிய கரீபியத் தீவுக்காரர்களின் பிள்ளைகள். 1975-ல் லூயிசா மார்க் என்ற இளம் பெண், காதலனின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்ததைப் பாடினார். நம் இலக்கணப்படி அசல் மருதம்! 1979-ல் டென்னிஸ் போவெல் இயற்றி அமைத்த 'சில்லி கேம்ஸ்' பாட்டை ஜேனட் கே பாடினார். மனத்தில் இருப்பதை வெளியிடாமல் இருவரும் கண்ணாமூச்சி ஆடுவதுதான் விஷயம். அதில் குரல் உச்சிக்குப் போய் நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது அந்த ஓர் இடத்துக்காகவே என்றாலும் நம்பலாம். 1982-ல் ஜமெய்க்காவின் கிரெகரி ஐஸக்ஸ் காதலை நோயாக்கிக் காதலியை இரவு நர்ஸ் ஆக்கினார். நோயும் அவளே, மருந்தும் அவளே என்ற வள்ளுவரின் கருத்து நமக்குப் பழக்கமானதுதான். அங்கே அவள் நர்ஸ் உடை போட்டிருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தனித்தனியாகக் கேட்டால் இத்தனை ருசி. தொகுப்பில் சேர்ந்ததும் என்ன ஆகிறது? பதினெட்டு, இருபது பாட்டுக்கள். ஒரே வேகம், ஒரே சர்க்கரை. உன்னை விட்டால் எனக்கு யாருமில்லை என்பதையே இருபது பேர் முறை போட்டுச் சொல்கிறார்கள். ஆறாவது பாட்டில் நம் தலை ஆடுவது நின்றுவிடுகிறது. கல்யாணப் பந்தியில் ரசமும் ஊறுகாயும் இல்லாமல் பாயசத்தை மட்டும் ஆறு தடவை பரிமாறின கதைதான். பாடியவர்கள் மீது குற்றமில்லை. அட்டையில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தொகுத்தவர் பெயரைத்தான் பல சமயம் தேட வேண்டியிருக்கிறது. விலைபோனதையெல்லாம் திரட்டிக் கட்டினால் மூட்டை ஆகுமே தவிரத் தொகுப்பு ஆகாது.

1980-களிலும் 1990-களிலும் நம் சிறு நகரங்களுக்கு இந்தக் கலை நன்றாகவே தெரிந்திருந்தது. ரெக்கார்டிங் கடையில் பாட்டுக்களை ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், கேஸட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேஸட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். இடம் குறைவு, ஆகையால் யோசனை அதிகம். சீட்டு எழுதியவருக்குக் கேட்கப் போகிறவர் யார் என்பதும் தெரியும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிச் சீமை. மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறார்கள். பொருள்வயிற் பிரிவு என்று புலவர்கள் துறை வகுத்தது அங்கே மாதாமாதம் வரும் பணமாகவும் ராத்திரியில் வரும் டெலிபோனாகவும் நடந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்குப் பிரிவே இல்லாத காதல் தொகுப்பு எதற்கு உதவும்? அவள் வாழ்க்கையில் சரிபாதியை அல்லவா அது விட்டுவிடுகிறது? லண்டனில் பாடிய அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள்தாம். அவர்கள் சங்கீதத்துக்குப் பிரிவு தெரியும். தொகுப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே என் சிபாரிசு இதுதான்: பாட்டுக்களைக் கேளுங்கள், வரிசையை மட்டும் நம்பாதீர்கள். லூயிசா மார்க்கின் ஊடலை நடுவில் வையுங்கள். அதன் பக்கத்தில் பிரிவுப் பாட்டு ஒன்றை, தமிழானாலும் சரி, தேடிப் போடுங்கள். கைபேசி வந்த பிறகு இதற்காகக் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை.