நிறமில்லாத கேடயங்கள்

ஐரோப்பியக் குலச்சின்னத்துக்கு உயிர் அதன் நிறம். பொன் களத்தில் நிற்கும் கறுப்புச் சிங்கம் ஒரு வம்சத்துடையது. அதுவே சிவப்பாகிவிட்டால் வேறொரு வம்சம். அச்சகத்திலோ பெரும்பாலும் இருந்தது கறுப்பு மை மட்டும். அந்தக் குறையோடு ஜெர்மானியக் கலைஞர்கள் மல்லாடிய விதத்தில்தான் மறுமலர்ச்சிக் காலச் சின்ன அச்சோவியத்தின் போக்குகள் பிரிகின்றன.

மரச்செதுக்கு அச்சு எளிய வழியைப் பிடித்தது. கான்ஸ்டன்ஸ் திருச்சபை மாநாட்டைப் பற்றி உல்ரிக் ரிகென்டால் எழுதிய வரலாற்றை 1483இல் ஆக்ஸ்பர்க் நகரில் அன்டன் சோர்க் அச்சிட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் அதில் இடம்பெற்றன. கோடு கட்டையில், வண்ணம் பிறகு தூரிகையில். யாருடைய சின்னம் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். அங்கே தரத்துக்கு அதுவே அளவுகோல்.

செப்புத்தகட்டுக் கலைஞர்களின் கனவு வேறு. கோல்மார் நகரத்துப் பொற்கொல்லரின் மகன் மார்ட்டின் ஷோன்காவர் பத்துச் சின்ன வட்டப் படங்களைச் செதுக்கினார். கேடயத்தைத் தாங்கி நிற்கும் பெண்களிடமும் காட்டு மனிதர்களிடமுமே அவற்றில் நம் கண் போய் நிற்கிறது. ‘வீட்டுநூல் ஓவியர்’ என்று மட்டும் அறியப்படும் பெயர் தெரியாத கலைஞர் மேட்டுக்குடிப் பெருமையையே கேலி செய்தார். அவர் வரைந்த கேடயத்தில் ஒரு குடியானவன் தலைகீழாக நிற்கிறான். மேலே, கணவன் முதுகில் மனைவி சவாரி செய்கிறாள்.

இந்த மரபின் உச்சம் என்று ஆல்பிரெக்ட் டியூரரின் ‘மண்டையோட்டுச் சின்னம்’ (1503) படத்தைத் தயங்காமல் சொல்லலாம். எந்தக் குடும்பத்துக்கும் உரியதல்லாத கற்பனைச் சின்னம் அது. கேடயத்தில் மண்டையோடு, பக்கத்தில் மணமுடி சூடிய நியூரம்பர்க் பெண், அவளை நெருங்கும் காட்டு மனிதன். தலைக்கவசத்தின் பளபளப்பு, அதன்மேல் விரிந்த சிறகுகளின் மென்மை, எலும்பின் வறட்சி, பட்டாடையின் மடிப்பு எல்லாம் ஒரே மையில், கோட்டின் நெருக்கத்தாலும் வளைவாலும் மட்டுமே வேறுபடுகின்றன. நிறம் இல்லை என்ற நினைப்பே எழுவதில்லை. கவசத்தின் எஃகை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை.

அடுத்த தலைமுறையில் செபால்ட் பேஹாம் இதே நுட்பத்தை உள்ளங்கைக்குள் அடங்கும் படங்களாகச் சுருக்கினார். 1543இல் அவர் செதுக்கிய சேவல் சின்னம் அதற்குச் சான்று. பின்னர் மாதிரி நூல்களின் காலம் வந்தது: 1555இல் விர்கில் சோலிஸ், 1589இல் ஜோஸ்ட் அம்மான். வாங்குபவர்கள் தங்கள் சின்னத்தை நிரப்பிக்கொள்ளக் கேடயத்தை வெறுமையாக விட்ட பக்கங்களும் அம்மானிடம் உண்டு.

நிறத்துக்கு விடை 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. 1605இல் யோஹான் சீப்மாகர் நிறங்களை எழுத்துகளால் குறித்தார். 1638இல் ரோமில் வெளியான சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டாவின் நூலால் கோட்டு முறை பரவியது: நெடுக்குக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெற்றிடம் வெள்ளி. சின்னம் பிழையின்றிப் படிக்கக்கூடியதாயிற்று. ஆனால் டியூரர் எஃகையும் எலும்பையும் காட்டப் பயன்படுத்திய அதே கோடுகள், கேடயத்துக்குள் இனி நிறத்தின் பெயரை மட்டுமே சொல்லவேண்டியிருந்தது.