செனோபோனின் லாயத்தில் லத்தி அள்ளியது யார்?

கிரேக்கப் படைத்தலைவர் செனோபோன் குதிரையைப் பற்றி எழுதிய சின்ன நூல், சுமார் 2,400 வருஷம் கழித்தும் சுவாரசியமாத்தான் இருக்கு. லாயம் எஜமானன் கண்ணில் அடிக்கடி படும் இடத்தில் இருக்கணும்ங்கிறார். குதிரை தீனியைச் சிந்தினால் அது நோயின் அறிகுறி, பார்த்தால்தானே தெரியும்! ஆணியடித்த லாடம் இல்லாத காலம். குளம்பு போனால் குதிரையே போச்சு. அதனால் முற்றத்தில் நாலஞ்சு வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, குளம்பு இறுக அதன்மேல் நிறுத்தச் சொல்கிறார். கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்றும் எழுதியிருக்கார்.

என் குறை வேறு. தினமும் லத்தி அள்ளுவது, உடம்பு தேய்த்துவிடுவது எல்லாம் குதிரைக்காரன் வேலை. அவனுக்கு எதையெல்லாம் கற்றுத்தரணும்னு விவரமா எழுதுகிறவருக்கு, அவனிடம் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு தோணவேயில்லை. சிந்திய தீனியை முதலில் பார்த்திருக்கக்கூடியவன் அவன்தானே?