குமிழுக்கு நினைவில்லை

கடற்காற்றும் சாலைப் புழுதியும் சேர்ந்து அடிக்கும் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர்களுக்கு வால்யூம் கண்ட்ரோல் கரகரப்பது புதிதல்ல. கார்பன் தடத்தில் ஈரமும் தூசியும் ஏறிவிட்டால் குமிழைத் திருகும்போதெல்லாம் அது ஸ்பீக்கரில் கேட்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து நாலு திருகு திருகினால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு மாற்றத்தான் வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு. குமிழில் ரோட்டரி என்கோடர், சிக்னல் பாதையில் டிஜிட்டல் பொட்டன்ஷியோமீட்டர் (சுருக்கமாக 'பாட்'), இரண்டுக்கும் நடுவே எல்எஸ்7184 போன்ற எட்டுக்கால் டீகோடர் ஐசி. மைக்ரோகன்ட்ரோலர் கிடையாது, புரோகிராமும் கிடையாது. குரோம்பேட்டை எம்ஐடியிலிருந்து வண்டலூர் தாண்டியும் பொறியியல் கல்லூரிகள் நிற்கும் இந்தத் தடத்தில், எல்.இ.டி. மினுக்குவதற்கும் ஆர்டுயினோவைத் தேடும் காலம் இது. அந்த நிலையில் இப்படியொரு சுற்று மரியாதைக்குரியது. ஆனால் அதைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயரில் வைப்பதுதான் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம்.

முதலில் அதன் பலம். என்கோடருக்குள் இரண்டு ஸ்விட்சுகள். குமிழ் நகர நகர அவை 00, 01, 11, 10 என்று மாறுகின்றன. ஒரு சமயத்தில் ஒன்றுதான் மாறும். எதிர்ப்புறம் திருகினால் அதே வரிசை தலைகீழாக வரும். டீகோடர் இந்த வரிசையைப் படித்து, "எந்தப் பக்கம்" என்பதற்கு ஒரு கம்பியும் "ஒரு படி" என்பதற்கு ஒரு துடிப்பும் தருகிறது. எக்ஸ்9சி103 என்ற டிஜிட்டல் பாட் எதிர்பார்ப்பதும் இந்த இரண்டையும்தான். துடிப்பின் அகலத்தை ஒரு ரெசிஸ்டரால் அமைத்துக்கொள்ளலாம். திசை நிலைகொண்ட பிறகே துடிப்பு வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டை மட்டும் இரண்டு டேட்டா ஷீட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

மலிவான என்கோடரின் தொடுமுனை ஒரு தடவை மூடும்போது பல தடவை துள்ளும். மாணவர்கள் எழுதும் இன்டரப்ட் புரோகிராம் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கிறது: ஒரு க்ளிக்குக்கு மூன்று எண்ணும், சமயத்தில் பின்னோக்கியும் எண்ணும். டீகோடர் அப்படி ஏமாறாது. ஒரு ஸ்விட்ச் துள்ளும்போது மற்றது அசையாமல் இருப்பதால், ஒரு படி ஏறினால் அதே படி இறங்கிக் கணக்கு நேராகிவிடும். போதாததற்கு உள்ளே வடிகட்டியும் இருக்கிறது. ஈரமும் தூசியும் இப்போதும் தொடுமுனையைத் தின்னும்தான். ஆனால் அந்தத் தொடுமுனை பாட்டு போகும் பாதையில் இல்லை. கரகரப்பு போய், எப்போதாவது ஒரு க்ளிக் விட்டுப்போவதோடு நிற்கும்.

கைக்கு அது எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். ஒரு சுற்றுக்கு 20 க்ளிக் கொண்ட என்கோடரையும் 100 இடம் கொண்ட பாட்டையும் இணைத்தால், அடிமட்டத்திலிருந்து உச்சிக்குப் போக ஐந்து சுற்று திருக வேண்டும். டீகோடரை நான்கு மடங்கு முறைக்கு மாற்றினால் ஒன்றேகால் சுற்றில் முடிந்துவிடும். ஆனால் ஒரு க்ளிக்குக்கு நாலு படி தாவும். நடுவில் இரண்டு மடங்கு முறையும் இருக்கிறது, எனக்கு அதுவே தேவலை.

ஒலிக்கு வரும்போது பிசகு பெரிதாகிறது. எக்ஸ்9சி103-இன் படிகள் எல்லாம் ஒரே அளவு. காது அப்படிக் கேட்பதில்லை. முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் 6 டெசிபெல் எகிறும். 50-லிருந்து 51-க்குப் போனால் 0.17 டெசிபெல், யாருக்கும் தெரியாது. வைப்பர் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறிய ரெசிஸ்டர் போட்டு வளைவைத் திருத்துவார்கள். மேல்பகுதி சரியாகும், அடியிலுள்ள அந்த 6 டெசிபெல் தாவல் அப்படியே இருக்கும். பாட் முனைகள் தாங்குவது 5 வோல்ட் வரைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கரண்ட். பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மதியம் வரை மின்தடை என்று பேப்பரில் வரும் பட்டியலில் நம் ஊர்ப்பெயர்களும் முறைவைத்து வரும். 2012-இல் சென்னைக்கும் புறநகருக்கும் அன்றாடம் 2 மணி நேர மின்வெட்டே இருந்தது. பழைய வால்யூம் கண்ட்ரோல் கரண்ட் போய் வந்தாலும் வைத்த இடத்தில் நிற்கும், குமிழிலுள்ள கோடே அதைச் சொல்லிவிடும். என்கோடர் குமிழுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை; அது எங்கே நிற்கிறது என்று அதற்கே தெரியாது. நினைவு பாட் ஐசியில் இருக்கிறது, ஆனால் அதன் சிஎஸ் (சிப் செலக்ட்) பின்னை மேலே உயர்த்தினால்தான் அது பதியும். பலர் அந்தப் பின்னை நிரந்தரமாகக் கிரவுண்டில் கட்டிவிடுகிறார்கள். ஒன்றும் பதியாது, கரண்ட் வந்ததும் என்றைக்கோ பதிந்த இடத்துக்குப் போய் நிற்கும். சரி, ஒவ்வொரு க்ளிக்குக்கும் பதியலாமே என்றால், உத்தரவாதம் 1,00,000 மாற்றங்களுக்குத்தான். தினம் 100 க்ளிக் என்றால் மூன்று வருஷம்கூட வராது.

கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயருக்கு நினைவே வேண்டாம் என்பேன். அனலாக் டிவைசஸின் ஏடி5227 நினைவகம் இல்லாத 64 இடப் பாட்; கரண்ட் வந்ததும் எப்போதும் நடு இடத்தில்தான் நிற்கும். ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் அந்த நடு அளவில் ஸ்பீக்கர் அலறாதபடி அமைத்துக்கொண்டால் போதும், ஆள் வந்து திருகிக்கொள்வார். திரையில் அளவும் தெரிய வேண்டும் என்று கேட்டால் மைக்ரோகன்ட்ரோலர் வந்தே தீரும். வந்தபின் டீகோடருக்கு அங்கே வேலை குறைவு, ரிச்சி தெருவில் கேட்டதும் எடுத்துத் தரும் சரக்கும் அல்ல அது.

எக்ஸ்9சி103-க்குப் பொருத்தமான இடம் அளவுக் கருவி. ப்ரீசெட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகி, அசையாமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைக்கும் வேலையை இது செய்யும். என்கோடரும் டீகோடரும் தனிப் பெட்டியில். கருவியோடு கேபிளில் செருகி, அளவைச் சரிசெய்து, ஒரே ஒரு தடவை பதிந்துவிட்டுக் கழற்றிக்கொள்ளலாம். டேட்டா ஷீட்படி பதிந்தது 100 ஆண்டு நிற்கும். சிஎஸ் பின்னுக்கான புல்-அப் ரெசிஸ்டர் மட்டும் பெட்டியில் இல்லாமல் கருவியின் போர்டிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிளைக் கழற்றிய பிறகு அந்தரத்தில் நிற்கும் அந்தப் பின் தன் இஷ்டத்துக்கு எதையாவது பதிந்து வைக்கும்.